வெந்நீர் ஊற்றுக் குளியல் கட்டடங்களும் காலனி ஆட்சியும்: ஏற்காட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் கட்டடக்கலை மாணவர்களுக்கு அளவெடுத்து வரைபடம் போடச் சொல்லித் தருகிறேன். வருஷா வருஷம் ஒரு கூட்டத்தை ஏற்காட்டுக்குக் கூட்டிப் போய்ப் பழைய எஸ்டேட் பங்களாக்களை அளக்கிறோம். முன் தாழ்வாரத்தையும் கணப்பு அடுப்பையும் எல்லோரும் ஆசையாக அளப்பார்கள். நான் முதலில் குளியலறைக்கு அனுப்புவேன். அங்கே தொடங்கும் பேச்சு தைவான், ரீயூனியன், திருகோணமலை என்று எங்கெங்கோ போய்விடும். மாணவர்களும் அவர்கள் வீட்டாரும், மலையில் சந்திக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஏற்காட்டில் வெந்நீர் ஊற்று இருக்கிறதா?

இல்லை. சேர்வராயன் மலை சார்னோகைட் என்னும் மிகப் பழைய, கெட்டியான பாறை. அதன் வயது கோடிக்கணக்கில் அல்ல, நூறு கோடிக்கணக்கில். வெந்நீர் ஊற்று வேண்டுமென்றால் மழைத் தண்ணீர் ஆழமான பிளவு வழியாகப் பூமிக்குள் இறங்கி, சூடேறி, ஆறுவதற்கு முன்னால் சட்டென்று மேலே வர ஒரு பாதை வேண்டும். இந்தியாவில் அப்படிப்பட்ட பாதைகள் இமயமலை, கொங்கணக் கரை, நர்மதை, கோதாவரிப் பள்ளத்தாக்குகள் போன்ற இடங்களில் இருக்கின்றன. நம் மலையில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. கிளியூர் அருவி இருக்கிறது, ஊர் நடுவில் ஏரி இருக்கிறது, திருமணிமுத்தாறு இந்த மலையில்தான் பிறக்கிறது. எல்லாம் குளிர்ந்த தண்ணீர்.

விடியற்காலையில் ஏரி மேல் எழும் புகையைப் பார்த்துச் சிலர் ஏமாறுகிறார்கள். அது வெறும் பனிமூட்டம்.

மார்கழி மாதம் எங்கள் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறதே?

தண்ணீர் மாறவில்லை, காற்றுதான் குளிர்ந்திருக்கிறது. தரைக்குக் கீழே உள்ள தண்ணீர் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும். மார்கழி விடியலில் உடம்பு குளிர்ந்திருப்பதால் அது சூடாகத் தெரியும், சித்திரையில் அதே தண்ணீர் சில்லென்று இருக்கும்.

ஆழமான போர்வெல் வேறு விஷயம். திருச்செங்கோட்டு வண்டிக்காரர்களைக் கேளுங்கள், ஆயிரம் அடிக்குக் கீழிருந்து வரும் தண்ணீர் கொஞ்சம் சூடாகத்தான் வரும் என்பார்கள். நம் பக்கத்துப் பாறையில் ஆயிரம் அடி இறங்கினால் சுமார் 5, 6 டிகிரி கூடும். அது பூமியின் இயல்பான சூடு. அதை வைத்து யாரும் குளியல் ஊர் கட்ட முடியாது.

கஞ்சமலை சித்தர் கோயில் தீர்த்தம், தீர்த்தமலை, ஊத்துமலை இவையெல்லாம் இதில் சேருமா?

சூடு இல்லை என்பதால் வெந்நீர் ஊற்றில் சேராது. ஆனால் எனக்கு இவை ரொம்ப முக்கியம். கஞ்சமலையில் அமாவாசைக்குப் போனால் பார்க்கலாம். மருவும் தோல் நோயும் தீர வேண்டுமென்று உப்பு, மிளகு, வெல்லம் போட்டு வேண்டிக்கொண்டு குளிக்கிறார்கள். தண்ணீர் குணப்படுத்தும் என்று நாம் வெள்ளைக்காரர்களிடம் கற்றுக்கொள்ளவில்லை. நம்மிடம் அந்த நம்பிக்கைக்குப் படியும் கல்லும் மரத்தடியும் போதுமாக இருந்தது. அதற்குச் சுவர், கூரை, டிக்கெட் ஜன்னல், தனி அறை, டாக்டர் என்று வந்தது காலனி ஆட்சிக் காலத்தில், அதுவும் வேறு நாடுகளில். அந்த மாற்றம் எப்படி நடந்தது என்பதுதான் இந்தப் பதில்கள் முழுக்க வரும் சங்கதி.

வெந்நீர் ஊற்றே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு ஏன் இதைப் படிக்க வேண்டும்?

ஏற்காடும் வெந்நீர் ஊற்று ஊர்களும் ஒரே பயத்திலிருந்து பிறந்தவை என்பதால். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வைத்தியர்கள் வெப்ப நாடு வெள்ளைக்காரர் உடம்பைக் கெடுக்கிறது என்று உறுதியாக நம்பினார்கள். ஈரல் வீங்கும், ரத்தம் கெடும், காய்ச்சல் விடாது. அப்போது குவினைன் தவிரப் பெரிதாக மருந்து கிடையாது. எனவே ஆளை இடம் மாற்றினார்கள். ஒன்று, குளிர்ந்த மலைக்கு ஏற்றினார்கள். இல்லையென்றால் கனிம நீர் ஊற்றில் முக்கினார்கள்.

பிரிட்டிஷார் இந்தியாவில் மலையைப் பிடித்துக்கொண்டார்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அதன் பின்னால் பங்களாக்களும், தேவாலயமும், பள்ளிக்கூடங்களும் வந்தன. பிரெஞ்சுக்காரர்கள் ஊற்றுகளைப் பிடித்துக்கொண்டார்கள், முடிந்த இடத்தில் மலையும் ஊற்றும் சேர்ந்த ஊராகவே தேடினார்கள். ஜப்பானியர்களின் கதை தனி. அவர்களுக்கு வெந்நீர் ஊற்றுக் குளியல் வைத்தியம் மட்டுமல்ல, வீட்டுப் பழக்கம். அதைக் கையோடு கொண்டுபோனார்கள்.

பிரிட்டிஷார் ஏன் இந்தியாவில் ஒரு பாத் நகரம் கட்டவில்லை?

இங்கிலாந்தில் பாத் என்ற ஊரே வெந்நீர் ஊற்றால் வந்தது. ரோமானியர் காலத்துக் குளியல் அங்கே இருக்கிறது. 46 டிகிரி சூட்டில் தினமும் பத்து லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் வருகிறது. இந்தியாவில் சம்பாதித்துவிட்டுத் திரும்பிய கம்பெனிக்காரர்கள் உடம்பைத் தேற்றிக்கொள்ள பாத்துக்கும் செல்டன்ஹாமுக்கும்தான் போனார்கள். ராபர்ட் கிளைவும் பாத் தண்ணீரில் சுகம் தேடியவர்தான். செல்டன்ஹாம் கடைசியில் ஓய்வு பெற்ற இந்திய அதிகாரிகளின் ஊராகவே ஆகிப்போனது.

இந்தியாவில் ஊற்றுக்குக் குறைவில்லை. புவியியல் துறையின் தாமஸ் ஓல்ட்ஹாம் தயாரித்து, அவர் இறந்த பிறகு 1882-ல் வெளிவந்த பட்டியலில் சுமார் 300 இடங்கள் இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால் நல்ல ஊற்று எல்லாவற்றிலும் ஏற்கனவே சாமி இருந்தது. பத்ரிநாத்தில் கோயிலுக்குக் கீழே தப்த குண்டம். மணிகரணில் கோயிலும் குருத்வாராவும். பீகாரின் ராஜ்கீரில் படிக்கட்டு இறங்கும் குண்டங்கள், பக்கத்திலேயே முஸ்லிம்கள் போற்றும் மக்தூம் குண்டம். மும்பைக்கு வடக்கே வஜ்ரேஸ்வரியில் தான்சா ஆற்றங்கரை ஊற்றுகளும் அம்மன் கோயிலும். இந்த இடங்களில் ஹோட்டல் கட்டிக் குளியல் தொட்டி போடுவது என்றால் பெரிய வம்பு, அது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மூங்கேரில் உள்ள சீதா குண்டத் தண்ணீரைப் பிடித்துக் கப்பல் பயணத்துக்குக் கொண்டுபோனார்கள், அதோடு சரி.

இன்னொரு காரணமும் உண்டு. மே மாதம் 40 டிகிரி வெயிலில் வெந்நீரில் இறங்க யாருக்கு மனசு வரும்? சேலத்து அதிகாரிக்கு மலைக்குப் போவதுதான் நிம்மதி.

அப்படியானால் காலனி ஆட்சிக் காலத்து வெந்நீர் குளியல் கட்டடத்துக்கு நல்ல உதாரணம் எது?

என்னைக் கேட்டால் தைவானின் பெய்டோ. தைபே நகரத்தின் வடக்கு ஓரத்தில் மலையடிவாரத்தில் இருக்கிறது. என் அக்கா மகன் தைவானில் ஆராய்ச்சிப் படிப்பு படித்தபோது நானும் அக்காவும் போயிருந்தோம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தைவான் 1895 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. ஆட்சி வந்த மறு வருஷமே, 1896-ல், ஒசாகாவிலிருந்து வந்த ஹிராடா கெங்கோ பெய்டோவில் முதல் வெந்நீர் ஊற்று விடுதியைத் திறந்துவிட்டார். 1904-05 ரஷ்யப் போரில் காயம்பட்ட ஜப்பானியச் சிப்பாய்களை இங்கே கொண்டுவந்து தேற்றினார்கள். 1913-ல் அரசே ஒரு பெரிய பொதுக் குளியல் கட்டடத்தைக் கட்டியது. 1916-ல் அதற்கென்றே ஒரு கிளை ரயில் பாதை வந்தது. படை, விடுதி, பொதுக் கட்டடம், ரயில் என்று இருபது வருஷத்தில் ஓர் ஊரே முளைத்துவிட்டது.

அந்தப் பொதுக் குளியல் இன்றைக்கு அருங்காட்சியகம். தூரத்திலிருந்து பார்த்தபோது அக்கா, "ஏய், இது நம்ம ஏற்காட்டு பங்களா மாதிரி இருக்குதுடி" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. கீழ்த்தளம் சிவப்புச் செங்கல், மேல்தளம் மரச் சட்டமும் பலகையும், மேலே ஓட்டுக் கூரை. ஜப்பானில் இசுசான் என்ற ஊரில் இருந்த குளியலைப் பார்த்துக் கட்டியது. ஆனால் வெளித்தோற்றம் ஆங்கிலேயக் கிராமத்து வீடு. ஜப்பானியர்கள் ஆட்சி செய்ய வந்த இடத்தில், தாங்களும் ஐரோப்பியர்களுக்குச் சமமான நவீன ஆட்சியாளர்கள் என்று காட்ட அந்த உருவத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று நான் நினைக்கிறேன்.

கட்டடம் சரிவில் நிற்பதால் சாலையிலிருந்து நுழைவது மேல்தளத்துக்கு. செருப்பை வாசலில் விட்டுவிட வேண்டும். உள்ளே போனதும் பாய் விரித்த பெரிய கூடம். குளித்து முடித்தவர்கள் இளைப்பாறி, தேநீர் குடித்துக்கொண்டு, திறந்த மாடத்திலிருந்து ஓடையைப் பார்த்த இடம் அது. அப்புறம் படி இறங்கினால் குளியல். நடுவில் நீளமான பெரிய தொட்டி, சுற்றி வட்டத் தூண்களும் வளைவுகளும், சுவரில் வண்ணக் கண்ணாடி ஜன்னல். தொட்டியின் ஆழம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது. தண்ணீர் இப்போது இல்லை. வெயில் அந்தக் கண்ணாடி வழியாக விழுந்து காலித் தொட்டியின் தரையில் நீலமும் மஞ்சளுமாகக் கிடந்தது. அக்கா ஐந்து நிமிஷம் அங்கேயே நின்றாள்.

மேலே ஜப்பானியப் பாய், கீழே ரோமானியத் தூண், வெளியே ஆங்கிலேயக் கூரை. ஆனால் தைவான் மக்களின் கட்டட மரபு எங்கே என்று தேடினால் கிடைப்பது கஷ்டம். உள்ளூர்க்காரர்களுக்கு இந்த ஊற்று புதிதல்ல. பெய்டோ என்ற பெயரே கேதகலான் பழங்குடி மொழியில் சூனியக்காரியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. புகை எழும்பும் பள்ளத்தாக்கைப் பார்த்தால் அந்தப் பெயர் ஏன் வந்தது என்று புரியும். கொதிக்கிற தண்ணீர் பச்சையாக நிற்கிறது, தீபாவளிக்கு மறுநாள் தெருவில் அடிக்கிற கந்தக வாசம் மூக்கில் ஏறுகிறது.

இன்னொன்று. அந்தப் பெரிய தொட்டி ஆண்களுக்கு. பெண்களுக்கு ஓரத்தில் சின்னத் தொட்டி. வரைபடத்தை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சொல்லவே வேண்டியதில்லை.

கந்தகத் தண்ணீரில் கட்டடம் எப்படித் தாங்குகிறது?

சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். அக்கா செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய வெள்ளிக் கொலுசோடு பெய்டோவில் கால் நனைத்துவிட்டாள். மறுநாள் காலையில் கொலுசு கரி மாதிரி கறுத்துப்போயிருந்தது. விபூதி போட்டுத் தேய்த்தும் முழுசாகப் போகவில்லை, ஊருக்கு வந்து பட்டறையில் மெருகு போட்டுத்தான் வாங்கினோம்.

ஊற்று நீரில் கரைந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆகிறது. அதே வாயு ஆணி, கீல், இரும்புக் குழாய், செம்புத் தகடு எதையும் விடாது. அதனால் பழைய குளியல்களில் தண்ணீரை மூங்கிலிலும் மரக் குழாயிலும் கொண்டுவந்தார்கள், தொட்டியைக் கல்லிலோ மரத்திலோ செய்தார்கள். வாயு அடைபட்டால் ஆளையே மயக்கும் என்பதால் கூரைக்கு அருகே காற்றுப் போக வழி வைக்க வேண்டும். சுண்ணாம்பு கலந்த ஊற்றாக இருந்தால் வேறு தொல்லை: நம் வீட்டு கெய்சரில் உப்புப் படிவது போலக் குழாய்க்குள் கல் படிந்து அடைத்துக்கொள்ளும்.

பெய்டோ தண்ணீரில் படியும் ஒரு கனிமம் உலகில் மிக அபூர்வம். ஜப்பானிய ஆய்வாளர் ஒகமோட்டோ 1905-ல் கண்டெடுத்த அதற்கு ஊரின் பெயரையே (ஜப்பானிய உச்சரிப்பில் ஹொகுடோ) வைத்து ஹொகுடோலைட் என்கிறார்கள். ரேடியம் கலந்தது. கதிரியக்கம் உடம்புக்கு நல்லது என்று நம்பிய காலம் ஆகையால் அதுவும் விளம்பரமானது.

கொரியாவிலும் இதே கதைதானா?

கொஞ்சம் வேறு. ஒன்யாங் ஊற்று கொரிய அரசர்கள் குளித்த இடம். 1433-ல் சேஜோங் அரசர் அங்கே வந்தார், தங்குவதற்கு அரண்மனையே இருந்தது. ஜப்பானியர் காலத்தில் அந்த அரசக் குளியல் காசு கொடுத்துத் தங்கும் விடுதியாகிவிட்டது. பூசானுக்குப் பக்கத்தில் உள்ள தோங்னே ஊற்றுக்கு 1915-ல் டிராம் விட்டார்கள். வெறும் இடத்தில் ஊர் எழுப்புவது வேறு, அரசன் குளித்த இடத்தில் விடுதிப் பலகை மாட்டுவது வேறு. கொரியர்களுக்கு அது எப்படி வலித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் என்ன செய்தார்கள்? நம் ஆட்கள் போன ரீயூனியனில் ஊற்று உண்டாமே?

உண்டு. பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக நம் சனங்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போன தீவு அது. 1848-ல் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. தோட்டத்து முதலாளிகளும் அதிகாரிகளும் வெயில் காலத்தில் மலை நடுவே உள்ள சிலாவோஸ், எல்பூர் ஊற்றுகளுக்குப் போனார்கள். எல்பூர் என்பது தெ ஹெல் என்ற கவர்னரின் பெயரில் அமைந்த ஊர்.

சிலாவோஸுக்கு 1932 வரை வண்டிச் சாலை கிடையாது. நோயாளிகளை நாற்காலியில் உட்காரவைத்து ஆட்கள் செங்குத்தான பாதையில் சுமந்துபோனார்கள். மலைப்பாதை வருவதற்கு முன்னால் ஏற்காட்டுக்கும் இப்படித்தான், குதிரையில் போனார்கள் அல்லது ஆள் சுமந்தார். சிலாவோஸ் ஊற்றை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் "கண்டுபிடித்ததாக" எழுதிவைத்திருக்கிறார்கள். அதற்கு முன்பே தோட்டங்களிலிருந்து தப்பி ஓடிய அடிமைகள் அந்த மலைகளில் ஒளிந்து வாழ்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாத ஊற்றா?

எல்பூரின் ஊற்று 1948 புயலோடு போய்விட்டது. குளியல் கட்டடத்தின் இடிந்த சுவர்கள் மட்டும் ஓடைக்கரையில் இருக்கின்றன.

மடகாஸ்கரின் அன்ட்சிராபே எனக்கு இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அதுவும் ஏற்காட்டைப் போலக் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். பெயருக்கு அர்த்தம் உப்பு நிறைந்த இடம். நார்வே மிஷனரிகள் முதலில் குடியேறினார்கள், 1896-ல் தீவு பிரெஞ்சுக் காலனி ஆனதும் அரசு குளியல் நிலையமும், பக்கத்தில் பெரிய தெர்ம் ஹோட்டலும் வந்தன. பிரான்சின் புகழ்பெற்ற ஊற்று ஊரான விஷியைப் போல ஒன்று இங்கேயும் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். காலனி அதிகாரிக்கு ஈரல் கெட்டால் பிரான்சுக்கே போய் விஷியில் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது அக்கால வழக்கம். அதற்குக் கப்பல் செலவு, மாதக்கணக்கில் விடுப்பு. உள்ளூரிலேயே ஒரு விஷி இருந்தால் அரசுக்கு மிச்சம். ஐரோப்பியருக்கும் மலகாசி மக்களுக்கும் குளியல் தனித்தனி. மொராக்கோ சுல்தான் ஐந்தாம் முகமதுவை நாடு கடத்தியபோது 1954-55-ல் அந்த ஹோட்டலில்தான் வைத்திருந்தார்கள்.

அல்ஜீரியாவின் ஹம்மாம் ரிகாவில் ரோமானியர் குளித்த ஊற்றையே பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ராணுவ மருத்துவமனைக்கு ஒரு குளியல், பணக்காரப் பயணிகளுக்கு ஹோட்டலில் ஒன்று, அரபு மக்களுக்கு ஒன்று. ரோமானிய இடிபாடுகளைக் காட்டி, நாங்கள் அவர்களின் வாரிசு, திரும்பி வந்திருக்கிறோம் என்றார்கள். நடுவில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் அந்த ஊற்றுகளில் குளித்துவந்த அரபு மக்களை அந்தக் கதையில் காணோம்.

தமிழர்கள் குளிக்கும் வெந்நீர் ஊற்று ஏதாவது உண்டா?

திருகோணமலைக்கு அருகே கன்னியா. சின்னச் சின்னதாக ஏழு கிணறுகள், சதுரமாகக் கட்டியவை. ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வித்தியாசப்படும். இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்யத் தண்ணீர் வேண்டி வாளால் நிலத்தைக் குத்தினான், குத்திய இடமெல்லாம் ஊற்றானது என்பது கதை. இன்றும் தமிழர்கள் அங்கே இறந்தவர்களுக்கு அந்தியேட்டி, ஆடி அமாவாசைக் கிரியைகள் செய்கிறார்கள்.

திருகோணமலை 1795-ல் பிரிட்டிஷார் கைக்கு வந்தது, பெரிய கடற்படைத் துறைமுகமாக இருந்தது. அப்படியிருந்தும் கன்னியா ஒரு பெய்டோ ஆகவில்லை. கட்டட ஆளாக நான் கவனிப்பது குளிக்கும் முறையை. கிணற்றுக்குள் யாரும் இறங்குவதில்லை. வாளியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்கிறார்கள். அதற்குத் தொட்டி வேண்டாம், உடை மாற்றும் அறை வரிசை வேண்டாம், கூடம் வேண்டாம். கிணற்றைச் சுற்றி ஈரம் ஓடிப்போக ஒரு தளம் போதும். நம் பக்கத்துப் பொடக்காணியும் அதே கணக்குத்தான்: வீட்டுக்குப் பின்னால் ஒரு துவைகல், சுடுதண்ணி அண்டா, கையில் சொம்பு, ஊற்றிய தண்ணீர் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் போகும். ஐரோப்பியக் குளியலில் உடம்பு தண்ணீருக்குள் போகிறது, நம் குளியலில் தண்ணீர் உடம்பு மேல் வருகிறது. இந்த ஒரு வித்தியாசத்தால் கட்டடமே மாறிவிடுகிறது.

சிங்கப்பூரில் ஒன்று இருக்கிறதே?

செம்பவாங். 1909-ல் பதிவானது. பிறகு ஃபிரேசர் அண்ட் நீவ் கம்பெனி தண்ணீரைப் புட்டியில் அடைத்தது. 1942-45 ஜப்பானியப் பிடியில் இருந்தபோது ஜப்பானியர்கள் அங்கே குளியல் கட்டினார்கள். போன இடமெல்லாம் அவர்கள் அதைத்தான் செய்தார்கள். இப்போது பூங்கா. 2020-ல் புதுப்பித்துத் திறந்தார்கள், முட்டை அவிக்கலாம்.

ஏற்காட்டு பங்களா குளியலறையில் பார்க்க என்ன இருக்கிறது?

எனக்கு இதுதான் பிடித்த கேள்வி. பழைய பங்களாவில் ஒவ்வொரு படுக்கையறைக்கும் ஒரு குளியலறை உண்டு, வீட்டின் வெளிச்சுவரை ஒட்டி. அதற்கு இரண்டு கதவு. ஒன்று படுக்கையறைக்கு, இன்னொன்று நேரே வெளியே, இரண்டு மூன்று கல்படியோடு. ஒரு மூலையில் முழங்கால் உயரம்கூட இல்லாத கட்டைச் சுவர், அதற்குள் தளம் சரிந்து சுவரில் உள்ள ஓட்டைக்குப் போகும். அந்தக் கட்டைச் சுவருக்குள்தான் துத்தநாகத் தொட்டியை வைத்தார்கள். ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே போகும், மழைக்காலத்தில் பாம்பு உள்ளே வரும்.

வெளியே விறகு அடுப்பில் தண்ணீர் காய்ந்தது. மண்ணெண்ணெய் டின்னில் மொண்டு ஓர் ஆள் தூக்கிவந்து வெளிக்கதவு வழியாக நுழைந்து தொட்டியை நிரப்புவார், வந்த வழியே போய்விடுவார். மலப்பெட்டியை எடுக்கத் தோட்டி வருவதும் அதே கதவில். படுக்கையறைக் கதவு அவர்களுக்கு இல்லை. நாங்கள் அளந்த ஒரு பங்களாவில் உள்கதவின் தாழ்ப்பாள் படுக்கையறைப் பக்கம் இருந்தது. அதாவது தண்ணீர் கொண்டுவருபவர் குளியலறைக்குள் இருக்கும்போது துரை தன் பக்கத்திலிருந்து பூட்டிக்கொள்ளலாம். வெளிப்படியின் நடுக்கல் தேய்ந்து குழிந்திருந்தது. ஒரு மாணவி அந்தக் குழியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "மேடம், இது எத்தனை டின் தண்ணி?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பெய்டோவிலும் அன்ட்சிராபேயிலும் பூமியே தண்ணீரைச் சூடாக்கிக் கொடுத்தது. இங்கே ஓர் ஆள் விறகு பிளந்து சூடாக்கினார். எந்தக் குளியலாக இருந்தாலும், யார் எந்த வழியாக உள்ளே வரலாம் என்பதைக் கட்டியவர் முதலிலேயே முடிவு செய்திருக்கிறார். அதனால்தான் மாணவர்களிடம் தூணையும் வளைவையும் அப்புறம் வரையலாம், முதலில் கதவுகளை எண்ணுங்கள் என்கிறேன்.

அடிமைப்படுத்தியவர்கள் கட்டியதை ஏன் காப்பாற்ற வேண்டும்? இடித்தால் என்ன?

கோபத்தோடு கேட்பவர்கள் உண்டு, அந்தக் கோபம் நியாயமானது. பெய்டோவிலும் அந்தப் பொதுக் குளியல் 1945-க்குப் பிறகு கை மாறிக் கை மாறி, கடைசியில் பாழடைந்து கிடந்தது. 1990-களின் நடுவில் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் ஊரைப் பற்றிய பாடத்துக்காகச் சுற்றிவந்தபோது புதருக்குள் அதைக் கண்டார்கள். மனு எழுதினார்கள். 1997-ல் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கப்பட்டு, 1998-ல் அருங்காட்சியகமாகத் திறந்தது. வேறு ஊருக்குப் பெயர்த்துக் கொண்டுபோயிருந்த 1916-ஆம் வருஷத்து மர ரயில் நிலையம்கூட 2017-ல் திரும்பி வந்தது. இதைச் செய்தவர்கள் ஜப்பானியர்கள் அல்ல, தைவான் மக்கள். தங்கள் ஊரில் நடந்தது தங்கள் வரலாறு என்று எடுத்துக்கொண்டார்கள்.

இங்கே என் அனுபவம் ஒன்று. நாங்கள் பாதி அளந்துவைத்திருந்த ஒரு பங்களாவுக்கு அடுத்த மாதம் மீதியை அளக்கப் போனோம். வீடு அப்படியே இருந்தது, குளியலறைகளை மட்டும் இடித்து டைல்ஸ் போட்டு கெய்சர் மாட்டியிருந்தார்கள். வெளிப்படிகள் இல்லை. தங்க வருகிறவர்களுக்கு வெந்நீர் வேண்டும், அது புரிகிறது. ஆனால் அந்த வீட்டில் வேலை செய்தவர்களின் தடம் இருந்த ஒரே இடம் அதுதான். வரவேற்பறைக் கணப்பைப் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு பழைய குளியலறை இருக்கிறது. மாற்றிக் கட்டப் போகிறோம். என்ன செய்யலாம்?

தாராளமாக மாற்றுங்கள், குடியிருக்கும் வீடு. இடிப்பதற்கு முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். தளத்தின் நீள அகலம், கட்டைச் சுவரின் உயரம், தண்ணீர் போகும் ஓட்டையின் அளவு, இரண்டு கதவுகளின் அகலம் ஆகியவற்றை டேப் வைத்து அளந்து ஒரு தாளில் குறியுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள், போட்டோவில் அது பெரும்பாலும் விழாது. வெளிப்படியின் தேய்மானத்தைச் சாய்வெயிலில், காலையிலோ மாலையிலோ படம் பிடித்தால் குழி நன்றாகத் தெரியும். அடுப்பு இருந்த இடத்தில் சுவரில் கரி இருக்கிறதா என்று பாருங்கள், அங்கிருந்து தொட்டி வரைக்கும் எத்தனை எட்டு என்று நடந்து எண்ணுங்கள்.

வீட்டிலோ எஸ்டேட் லைனிலோ வயதானவர்கள் இருந்தால் உட்கார்ந்து பேசுங்கள். தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வந்தது, யார் சுமந்தார்கள் என்று கேளுங்கள். அநேகமாக ஒரு பெயர் கிடைக்கும். அதை வரைபடத்தில், வெளிக்கதவுக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.